கட்டுப்படியாகாத விடை

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. கணக்கு டீச்சரான என் தங்கையிடம் இன்று மாலை பேரம் பேசி வாங்கியது. "உள்ளதை உள்ளபடி எழுது. சரிகை கிரிகை ஒட்டினே, கதையைத் திருப்பி வாங்கிக்குவேன்" என்றாள். ஜவுளிக்கடைக் குடும்பம். எங்களுக்குப் பேச்சு அப்படித்தான் வரும்.

2

தொடக்கம்: ‘இன்றைய கல்வியில் சமூக வலைத்தளங்கள் ஆற்றும் பங்கு...’

(வேண்டாம். இதைக் கேட்டால் நானே கடையை விட்டு இறங்கிவிடுவேன்.)

மறுபடியும்: தங்கை தன் வகுப்புக்கு ஒரு வாட்ஸாப் குரூப் தொடங்கியிருந்தாள். பள்ளி விட்டபின் சந்தேகம் கேட்க அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வழியில்லை. ஆனால் எதைப் போட்டாலும் கட்டைவிரல் படம்தான் வரும். பாசம் மிஞ்சினால் ரோஜா. குரூப்பில் இருந்த தலைமையாசிரியை காலையில் சொல்லிவிட்டார்: "இன்னிக்கு ஒரு நாள் பார்ப்பேன். படிப்பு நடக்கலைன்னா மூடிடுங்க டீச்சர்."

3

தங்கை கடைசியாக ஒரு கணக்குப் போட்டாள். நூறுக்கு விற்கும் துணிக்கு இருபது சதவீதம் ஏற்றி, ஏறிய விலையில் இருபது சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் என்ன விலை?

நூறு என்றான் ஒருவன். பின்னாலேயே வகுப்பு மொத்தமும் நூறு.

அதே சமயம் கடைக்குத் துணி அனுப்பும் மொத்த வியாபாரிக்கும் அவள் பதில் தட்டிக்கொண்டிருந்தாள். விரல் தவறி அது வகுப்புக்குப் போனது: "கட்டுப்படியாகாதுண்ணே. குறைச்சுச் சொல்லுங்க."

(‘இப்படியெல்லாம் நடக்குமா?’ என்பீர்கள். ஒரே போனில் கடையையும் வகுப்பையும் நடத்துகிறவர்களைக் கேளுங்கள்.)

4

"யார்றா அண்ணன்?"

"அதை விடு. தொண்ணூத்தெட்டு, டீச்சர்."

"தொண்ணூறு. முடிச்சுக்கலாமா?"

வகுப்பு ‘மியூட்’ என்று பேர் வைத்திருந்த பெண், இதுவரை ஒரு ரோஜாகூடப் போடாதவள், எழுதினாள்: "தொண்ணூத்தாறு."

"தொண்ணூத்தஞ்சுக்குக் குடு."

"இறங்காது. ஏத்தினது நூறுக்கு இருபது. இறக்கினது நூத்திருபதுக்கு, அது இருபத்திநாலு. கழிச்சுப் பாரு."

கழித்துப் பார்த்தார்கள்.

"அப்போ ஐம்பது ஏத்தி ஐம்பது இறக்கினா?"

"எழுபத்தஞ்சு."

"அடிப்பாவி."

(இவளுக்கு ஒரு சோகப் பின்னணி யோசித்து வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். விடை தெரிந்தவளுக்கு அது எதற்கு?)

5

முடிவு ஒன்று: தலைமையாசிரியை கண் கலங்கி...

(அவர் அந்த ரகமில்லை.)

முடிவு இரண்டு, நடந்தது. தலைமையாசிரியை எழுதினார்: "அதெப்படி? ஏத்தினதும் இருபது, இறக்கினதும் இருபதுதானே?"



"மேடம், உங்களுக்கும் அதே விலைதான்" என்றாள் மியூட்.

மேடம் விடுவதாக இல்லை. ‘முதலில் தள்ளுபடி கொடுத்துவிட்டு, அப்புறம் ஏற்றினால்?’ என்று இப்போது கேட்டிருக்கிறாராம். வகுப்பே ஆளுக்கொரு விடை தட்டிக்கொண்டிருக்கிறது. குரூப்பை மூடினார்களா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.