நாலே கால் இஞ்ச்

ஊசி முதல் பொய்யைத் தைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாயால் சொல்லியிருந்தால் அன்றைக்கே மாட்டிக்கொண்டிருப்பாள். நூலால் தைத்ததால் யாருக்கும் தெரியவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த ஆல்டரேஷன் கடையில் இரண்டே தையல் மெஷின்கள். ஒன்றில் அண்ணி, மற்றதில் நாத்தனார். நாத்தனார் ஒல்லி; பேசினால் சுருக்கென்று தைக்கும். அதனால் அண்ணி வைத்த பெயர் ஊசி. ஊர் உலகத்தில் அண்ணியும் நாத்தனாரும் எலியும் பூனையுமாக இருக்க, இவர்கள் இருபது வருஷமாக ஊசியும் நூலுமாக இருந்தார்கள்.

கடையில் அண்ணி போட்ட சட்டம் ஒன்று உண்டு. எந்தத் துணியில் தையலைப் பிரித்தாலும் பெயரும் தேதியும் போட்டு, எத்தனை இஞ்ச் என்று அளவு நோட்டில் எழுத வேண்டும்.

"ஆளு பொய் சொல்லும்டி. டேப்பு சொல்லாது" என்பாள்.

அண்ணிக்கு நாற்பத்தாறு வயது. சில மாதங்களாக அடிவயிற்றில் ஒரு கனம். இரண்டு வாய் சாப்பிட்டதுமே போதும் போதும் என்றாகிவிடும். ராத்திரியில் புரண்டு படுத்தால் வலி. தெருமுனை கிளினிக்குக்கு ஊசிதான் கூட்டிப் போனாள். டாக்டர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"வயசாகுதில்லம்மா. மாசாமாசம் வர்றது நிக்கிற நேரம், இப்படித்தான் இருக்கும். உடம்பும் போட்டிருக்கு. உட்கார்ந்தே வேலை, உட்கார்ந்தே தீனி. வாயைக் கட்டுங்க, வயிறு தானா இறங்கும்."

"சாப்பிடவே முடியலங்க டாக்டர்..."

"எல்லாப் பொம்பளைங்களும் இதத்தான் சொல்றீங்க. அப்புறம் வயிறு மட்டும் எப்படி வருது?" சிரித்துக்கொண்டே வாயு மாத்திரை எழுதினார்.

மறுநாள் காலை, கடைக்கு வழக்கமாகப் போடும் நீலக் கவுனின் இடுப்புக் கொக்கி மாட்டவில்லை. அண்ணி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அழுகை ஊசிக்குக் கேட்டது. அன்றிலிருந்து அண்ணிக்குக் காலைச் சாப்பாடு கிடையாது.

ஊசிக்குத் தாங்கவில்லை. வீட்டில் இஸ்திரி போடுவது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை அண்ணி அசந்த நேரத்தில் கவுனின் பக்கத் தையலைப் பிரித்தாள். மொத்தத்தில் அரை இஞ்ச் விட்டுத் தைத்தாள். பழைய தையலின் தடம் தெரியாமல் ஈரத்துணி வைத்துத் தேய்த்தாள். திங்கட்கிழமை கொக்கி சுலபமாக மாட்டிக்கொண்டது.

"ஏய் ஊசி! இறங்கிடுச்சுடி!" அண்ணி கடை நடுவே ஒரு சுற்றுச் சுற்றினாள். "பட்டினி வீண் போகல பாரு!"

"இப்படியே போனா அண்ணன் உங்களை டார்ச் அடிச்சுத்தான் தேடணும்."

"போடி, உன் அண்ணன் என்னைக்கு என்னைத் தேடியிருக்காரு!"

அந்தச் சிரிப்புக்காக ஊசி மறுபடியும் பிரித்தாள். அதற்கப்புறமும் பிரித்தாள். தையலுக்குள் மடித்து விட்டிருந்த துணி தீர்ந்ததும், மிச்சம் கிடந்த அதே நீலத் துணியில், கைக்கடியில் மறைகிற இடமாகப் பார்த்து ஒட்டுப் போட்டாள். கை பழக்கத்தை விடவில்லை. ஒவ்வொரு தடவையும் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியும் இஞ்சும் எழுதினாள், பெயரை மட்டும் விட்டுவிட்டு.

இதற்கு நடுவில் ஒரு நாள், பஸ் ஓட்டுகிற அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதே டாக்டரிடம் போனார். "ஆம்பளை வண்டியை நிறுத்திட்டு வந்திருக்கீங்கன்னா சும்மா இருக்காது" என்று டாக்டர் அன்றைக்கே ஸ்கேனுக்கு எழுதினார். ஸ்கேனில் வெறும் வாயு என்று வந்தது. அண்ணனுக்கு ஸ்கேன் எடுத்து வாயு என்று கண்டுபிடித்தவர், அண்ணிக்கு வாயு என்று சொல்லி ஸ்கேனே எடுக்கவில்லை. இது அப்போது வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. அண்ணியே வெந்நீர் வைத்துக் கொடுத்து, "நமக்கு ஜோடிப் பொருத்தம்தான்" என்று கேலி செய்தாள்.

வலி வந்து ஒரு வருஷம் தாண்டியபோது, டாக்டர் லீவில் போக, அவருக்குப் பதிலாக ஒரு சின்ன டாக்டரம்மா வந்திருந்தாள். பழைய சீட்டைப் படித்தாள். 'பதற்றம். எடை குறைக்க வேண்டும்' என்று இருந்தது. ஆனாலும் எழுந்து வந்து, அண்ணியைப் படுக்கவைத்து வயிற்றில் கை வைத்தாள். ஒரு காகிதத்தை இழுத்து ஸ்கேனுக்கு எழுத ஆரம்பித்தவள் நிமிர்ந்து கேட்டாள்.

"இடுப்புல உடுப்பு டைட்டாகுதா? கொஞ்ச நாள்ல அளவு ஏதாவது மாறிச்சா?"

"இல்லவே இல்ல டாக்டர்." அண்ணியின் முகம் மலர்ந்தது. "ரெண்டு வருஷம் முன்ன தைச்ச அதே கவுன்தான். தையக்காரி சொல்றேன், நம்புங்க."

பக்கத்து ஸ்டூலில், மடியில் பையோடு ஊசி உட்கார்ந்திருந்தாள். சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் அந்த மலர்ந்த முகத்தை இன்னொருத்தி முன்னால் எப்படி உடைப்பது? வெளியே போய்ச் சொல்லிக்கலாம் என்று நினைத்தாள். டாக்டரம்மா மறுபடி பழைய சீட்டைப் பார்த்தாள். பேனாவை மூடினாள்.

"அப்ப இன்னும் மூணு மாசம் பார்ப்போம்."

வெளியே வந்ததும் அண்ணி அவள் கையைக் கோத்துக்கொண்டு, "பயந்தே போயிட்டேன்டி" என்றாள். ஊசி சொல்லவில்லை.

நாலு மாதம் கழித்து அண்ணி மெஷின் மேலேயே சரிந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். "சினைப்பையில புற்றுநோய். வயிறு முழுக்கப் பரவியிருக்கு. இது கொழுப்பு இல்ல, தண்ணி கோத்திருக்கு" என்றார் பெரிய டாக்டர். "முன்னாடியே வந்திருக்கலாமே?"

"ஒன்றரை வருஷமா வந்துட்டுத்தானே டாக்டர் இருந்தா!" என்றார் அண்ணன்.

வயிற்றிலிருந்த தண்ணீரை எடுத்த பிறகு அண்ணி கட்டிலில் மடித்து வைத்த துணி மாதிரி கிடந்தாள். மூன்றாம் நாள் ஊசி தலை வாரிவிடும்போது அண்ணி கேட்டாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. இவ்வளவு தண்ணி இருந்துச்சே, கவுன் ஏன்டி டைட்டாகல? அந்தச் சின்ன டாக்டரம்மாகிட்ட நான்தானே அடிச்சுச் சொன்னேன்? நானே என் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேனா?"

சீப்பு நின்றது. பழியை அண்ணி தன் மேல் போட்டுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு இனியும் சும்மா இருக்க முடியுமா? ஊசி, கடையிலிருந்து கொண்டுவந்து பையிலேயே வைத்திருந்த அளவு நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்து, அண்ணியின் மடியில் வைத்தாள்.

"உங்க கவுன்தான் அண்ணி. நான்தான் பிரிச்சுப் பிரிச்சு விட்டேன். நீங்க அழக் கூடாதுன்னு."

அண்ணியின் விரல் ஒவ்வொரு தேதியாக இறங்கியது. அரை. கால். அரை. முக்கால். உதடு கூட்டிக்கொண்டே வந்தது.

"நாலே கால்" என்றாள். பிறகு, "வெளிய போ."

"அண்ணி..."

"போடின்னா!"

ஊசி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே தரை துடைக்கிற அம்மா ஒரே இடத்தை மூன்று தடவை துடைத்துவிட்டு, காலைத் தூக்கச் சொல்ல மனமில்லாமல் சுற்றிப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் வந்து, "ஊசின்னு யாரு? கூப்பிடுறாங்க" என்றாள்.

நோட்டு இன்னும் அண்ணியின் மடியில் திறந்தே இருந்தது.

"உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காத" என்றாள். "வயிறு எரியுது. ஆனா ஒண்ணு. வலி நெசமா, இல்ல மனசுதான் கோளாறான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சுடி. எத்தனை நாள் என்னையே திட்டிக்கிட்டேன் தெரியுமா? இதுல இருக்கு பாரு. தேதியோட இருக்கு. நான் சொன்னது அத்தனையும் நெசம்."

ஊசி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரு ஏன் மொட்டையா விட்டிருக்க? எழுது."

ஊசி அண்ணியின் பெயரை எழுதினாள்.

"நாளைக்கு இதை எடுத்துட்டுப் போய் அந்த டாக்டர் மேஜையில வை. கத்தாத. படிக்கச் சொல்லு. அடுத்து ஒருத்தி வயித்தைப் பிடிச்சுட்டு வருவா, அவளையாவது படுக்கவெச்சுப் பார்க்கட்டும்." மூச்சு வாங்கியது. "இப்ப டேப்பை எடு. கடைசியா ஒரு வரி எழுதணும். இடுப்பை அள."

இருபது வருஷமாகக் கழுத்தில் தொங்கும் டேப். அதை அண்ணியின் முதுகுக்கடியில் விட்டு முன்னால் கொண்டுவந்தபோது விரலில் எலும்பு தட்டியது. ஊசி குனிந்து பார்த்தாள்.

"எவ்வளவு?"

"இருபத்தேழு அண்ணி."

அண்ணி கண்ணை மூடியபடியே சொன்னாள்:

"கூட்டிச் சொல்லாத. சரியாப் படி."

ஊசி டேப்பை மறுபடி பார்த்தாள். எண்கள் நனைந்து தெரிந்தன. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இருபத்தாறே கால்" என்றாள்.