தூக்க வந்தவர்கள்

அப்பாவின் இடது கன்னத்தை வழித்து முடித்து, வலது கன்னத்துக்கு நுரை தடவிக்கொண்டிருந்தபோது கூடத்தில் தொலைபேசி அடித்தது. மகளின் கையெல்லாம் நுரை. சித்தப்பாதான் எடுத்தார். "ம்... ம்... சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு, அறை வாசலில் வந்து நின்றார்.

"நாலு பேராம். ஆறு பேர் தூக்குற பெட்டிக்கு நாலு பேர அனுப்புறாங்க. இதுதான் இன்னிக்கு நம்ம கடற்படை."

"சாயந்தரம் கப்பல் கிளம்புதுன்னு காலைலயே சொன்னாங்க சித்தப்பா. அதுல மொத்தமே அறுபது பேர்தான்."

"எங்க காலத்துல வெங்காயம் உரிக்கவே அறுபது பேர் இருந்தோம்."

அவள் சிரித்திருப்பாள், வேறொரு நாளாக இருந்தால். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் கட்டிலில் கண்மூடிக் கிடந்தார்.

அண்ணனும் தம்பியும் ஒன்றாகத்தான் படையில் சேர்ந்தார்கள். அப்பா ஒரு கப்பலின் பாய்லர் ரூமில். சித்தப்பா வேறொரு கப்பலில், கொடியும் விளக்கும் காட்டிச் செய்தி சொல்லும் வேலையில். அன்று துறைமுகத்தில் நாற்பது கப்பல்கள். இன்று பதினொன்று. படை தேய்ந்துவிட்டது என்பது சித்தப்பாவின் கட்சி. அப்பா விடமாட்டார்.

"எட்டு பேர் வெந்து செத்த வேலைய இப்ப ஒரு பொண்ணு நாற்காலில உக்காந்து பாக்குது. அது தேய்மானமாடா? நாப்பதுல பாதி எப்பவும் ரிப்பேர்ல கிடந்துச்சே, மறந்துட்டியா? இப்ப இருக்குற ஒண்ணு போதும், அந்த நாப்பதையும் விரட்ட."

"கப்பல் பேரெல்லாம் போச்சே, அண்ணே" என்பார் சித்தப்பா. பேச்சு எப்போதும் அங்கேதான் நிற்கும்.

பழைய கப்பலை உடைத்தால் அதன் பெயரைப் புதியதொன்றுக்கு வைப்பார்கள். பழைய கப்பலில் இருந்தவர் இறந்தால், அதே பெயருள்ள கப்பலின் ஆட்கள் வந்து தூக்குவார்கள். ஆள் குறைந்தால் அந்த இடம் காலியாகவே போகும். வெளியாள் தோள் கொடுக்கக் கூடாது. மருத்துவமனையில் அப்பா கேட்டது அது ஒன்றைத்தான். "எங்க கப்பல் ஆளுங்கதான் தூக்கணும். வேற யாரும் வேணாம்மா."

நாற்பது பெயர்கள், பதினொரு கப்பல்கள். துண்டால் அவர் முகத்தைத் துடைக்கும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது.

"சித்தப்பா, உங்க கப்பல் பேரு..."

"அத எதுக்கும் வைக்கல. சட்டைய எடு, நேரமாகுது."

வந்த நால்வரில் ஒருவர் நடுவயதுத் தலைமை மாலுமி. மற்ற மூவரும் சின்னவர்கள். அவர்களில் ஒருவர் பெண்.

"நாலு மூலையும் நாங்க பிடிச்சுக்கறோம்மா," என்றார் தலைமை மாலுமி. "நடுவுல ரெண்டு இடமும் காலியா இருக்கட்டும்."

சித்தப்பா வாசல் கேட்டருகே போய்விட்டிருந்தார். அவர்கள் வெளியே வர இடம் வேண்டுமென்று, ஏற்கெனவே ஓரமாக நின்ற சைக்கிளை இன்னும் ஓரமாக நகர்த்திக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் அவள். "பேரே இல்லாமப் போன கப்பல்ல இருந்தவங்கள யார் தூக்குவாங்க?"

தலைமை மாலுமி கேட்டைப் பார்த்தார். "அப்பாவோட தம்பியா?"

"ஆமா. ஆனா அப்பா, வேற யாரும் வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"மேலிடத்துல கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். அப்பா பேச்சுக்கு நீங்கதாம்மா சொல்லணும்."

அவள் பெட்டிக்குள் பார்த்தாள். வழித்த முகம் இளைத்து, சித்தப்பாவின் முகம் போலவே இருந்தது. அவள் கேட்டை நோக்கி நடந்தாள்.

"வாங்க சித்தப்பா. நடுவுல நில்லுங்க."

"அது அண்ணன் கப்பல். எனக்கென்ன அங்க வேலை?"

"ஆள் பத்தல, அய்யா," என்றார் பின்னாலேயே வந்த தலைமை மாலுமி.

சித்தப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப ஆள் பத்தலன்னு ஒத்துக்கறீங்க."

"ஒத்துக்கறோம்."

சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

மூடி இறங்கியது. பெட்டி எழுந்தது. எதிர்ப்பக்க நடு இடம் காலியாகவே இருந்தது. சித்தப்பாவின் தோளுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அவர் குதிகாலைத் தூக்கினார்; எட்டவில்லை. கையை நீட்டிப் பலகையைத் தொட்டார்.

முன்னால் நின்ற பெண் மாலுமி திரும்பிப் பார்க்கவில்லை. முழங்காலை மட்டும் மடக்கினாள். பிறகு மற்ற மூவரும். அப்படிக் குனிந்தபடியே அவர்கள் தெருமுனை வரை நடந்தார்கள்.