பானட்டில் ஒரு பொட்டு

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டை நூல் மூட்டை போட வாடகைக்கு விடுவதாக மாமனார் ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஷெட்டில் தூசி புகாத பூத் கட்டி வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறேன் என்று நான் தை மாதத்திலிருந்து தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மகள் பிறக்கும்வரை கோயம்புத்தூரில் ஒரு சர்வீஸ் சென்டரில் ஸ்ப்ரே கன் பிடித்தவள் நான். இந்த ஷெட்டும் போனால் அப்புறம் எனக்கு அடுப்படிதான். நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

சாப்பாட்டுத் தட்டை வைத்த கையோடு கேட்டேன்.

“ஏனுங் மாமா, ஊட்ல ஒருத்தி பெயின்டரா இருக்கறப்ப அவளக் கேக்காம ஷெட்டக் குடுத்துபோட்டீங்களே, நாயமுங்களா?”

மாமனார் அங்கப்பன் அசரவில்லை. மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னார்.

“கோவிச்சுக்காத அம்மணி. ஐப்பசி பொறந்துதான் மூட்டை வருது. அதுக்குள்ள என்ற அம்பாசடருக்குப் பெயின்ட் அடிச்சுக் காட்டு. பானட்டுல என்ற மூஞ்சி தெரிஞ்சா ஷெட்டு உனக்கு. தெரியலீன்னா மூட்டைக்கு.”

“வெள்ளைக் கார்லயுங்களா மூஞ்சி பாப்பீங்க? உங்க மீசையும் வெள்ளை. எங்கிருந்து தெரியும்?”

“அது உன்ற சாமர்த்தியம்.”

என் வீட்டுக்காரர் கிருபாசங்கர் குனிந்து ரசத்துக்குள் சிரித்தார். அவருக்கு அன்றைக்கு இரண்டாவது தடவை ரசம் கிடைக்கவில்லை.

கருமத்தம்பட்டியில் பூத் கட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. சுற்றிலும் தறிக்குடோன். பஞ்சுத்தூசி காற்றோடு குடித்தனம் நடத்துகிற ஊர். ஈரப் பெயின்டில் ஒரு இழை விழுந்தாலும் போச்சு. நானும் கிருபாவும் இரும்புக் குழாய்களை நிறுத்தி, நான்கு பக்கமும் கூரைக்கடியிலும் தடிப் பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்துக் கட்டினோம். காற்று நுழைகிற பக்கம் வடிகட்டி வைத்தோம். எதிர்ப்பக்கம் புகையை வெளியே தள்ள ஃபேன். கம்ப்ரஸரை வெளியே வைத்து டியூபை மட்டும் உள்ளே விட்டோம். தரையில் தண்ணீர் தெளித்தால் தூசி எழாது. தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிப்பதென்று முடிவு செய்தோம்.

சனிக்கிழமை சாயங்காலம் காரைத் தேய்த்து, பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடித்து, அது காய்ந்ததும் மழமழவென்று இழைத்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, ஷீட்டால் மூடினேன். மாமனார் தட்டில் கற்பூரம், சந்தனம், குங்குமத்தோடு வந்து நின்றார்.

“மாமா, தின்னர் இருக்கற எடத்துல கற்பூரமுங்களா? குப்புனு புடிச்சுக்கும். மொதல்ல வெளிய போங்க.”

அவர் திரும்பி நடந்தார்.

“சித்தெ மெதுவாச் சொல்லியிருக்கலாம் லோகு,” என்றார் கிருபா.

“ஷெட்டு எரிஞ்சா மெதுவா எரியுங்களா?”

சொல்லிவிட்டேனே தவிர, அவர் தட்டைத் தாழ்த்திக்கொண்டு போன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிறு காலை முகமூடி மாட்டி வெள்ளையை அடித்தேன். கதவு, டிக்கி எல்லாம் நான் நினைத்த மாதிரியே வந்தன. கடைசியில் பானட். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நட்டநடுவில் பெயின்ட் விலகிக் குழிகுழியாகத் திறந்தது. எண்ணெய் பட்ட இடத்தில்தான் அப்படி ஆகும். கம்ப்ரஸரிலிருந்துதான் எண்ணெய் வந்திருக்கும் என்று கிருபாவை ஒரு பிடி பிடித்தேன். இன்னொரு கை அடித்தேன். குழிகளுக்கு நடுவே இளஞ்சிவப்பாக ஒரு கறை, விரல் நுனியளவுக்கு, மேலே ஊறி வந்தது.

ஸ்ப்ரே கன்னை வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். அழுகை முட்டியது. மாமனார் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

“மூட்டைக்கே குடுத்துருங்க மாமா. எனக்குக் கை போயிருச்சு,” என்றேன்.

அவர் சும்மா இருந்திருந்தால் ஷெட் அன்றே மூட்டைக்குப் போயிருக்கும். ஆனால் அவர் துண்டை எடுத்து விரித்துக் காட்டினார். ஓரத்தில் குங்குமக் கறை.

“உன்ற கை போகுல கண்ணு. வெளக்குப் பொருத்திப்போட்டு அந்த எண்ணெய்க் கையோட காத்தால நாந்தான் வந்தேன். பொட்டு வெக்காம நம்மூட்ல ஒரு வேலையும் தொடங்குனதில்ல. ஷீட்டத் தூக்கி பானட்டுல வெச்சேன். பொறவு நீ வையுவீன்னு தொடச்சுபோட்டேன்.”

என் காரியம் நல்லபடியாக வரவேண்டுமென்றுதான் மனிதர் திருடன் போல் நுழைந்திருக்கிறார். என் நாக்குக்குப் பயந்துதான் அதைத் துடைத்தும் இருக்கிறார். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, அழுகையும் நிற்கவில்லை.

“மறுக்காத் தேச்சா ஆகுமா?” என்றார்.

“ஆகுமுங்க மாமா.”

“அப்ப அந்தத் தாளைக் குடு.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து அவரே தேய்த்தார். “அழுத்தாதீங்க, வழிச்சு வழிச்சுத் தேயுங்க” என்று நான் பக்கத்தில் நின்று அதட்ட, “செரீங்க மேஸ்திரி” என்றார். கறையின் அடிவரை எடுத்துவிட்டு மறுபடி பிரைமர் அடித்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் குங்குமக் கிண்ணத்தோடு பூத்துக்கு வெளியிலேயே நின்றார்.

“அம்மணி, எங்க வெக்கட்டும்?”

“வாசல் நெலவுல வையுங்க. எனக்கும் குடுங்க.”

ஷெட் வாசலின் நிலைச்சட்டத்தில் வைத்தார். நான் ஒரு பொட்டு வைத்துக்கொண்டேன். மிச்சத்தைத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டு போனார்.

வெள்ளையும் அதன்மேல் பளபளப்புக்கான கிளியரும் அடித்து முடித்தேன். மறுநாள் காலை காய்ந்த காரை வெளியே தள்ளினோம். மாமனார் பானட் பக்கம் போய்க் குனிந்தார். நான் தள்ளி நின்றேன். குனிந்தவர் நிமிரவில்லை. பொறுக்காமல் கிட்டே போய்ப் பார்த்தேன். பானட்டின் நட்டநடுவில் அதே சிவப்பு.

“மாமா, மறுபடியும் வெச்சீங்களா?”

அவர் நிமிர்ந்தார். சிவப்பும் கூடவே நகர்ந்து பானட்டை விட்டுப் போனது. திரும்பக் குனிந்தார். அது திரும்ப வந்தது. அவர் அன்றைக்கும் நெற்றியில் வைத்திருந்த குங்குமப் பொட்டுதான்.

அவர் பானட்டைப் பார்த்தபடியே மீசையை இரண்டு பக்கமும் நீவிவிட்டுக்கொண்டார். பிறகு பையிலிருந்து போனை எடுத்தார்.

“நூல்காரரே, மன்னிச்சுக்கோங்க. மூட்டைக்கு வேற எடம் பாருங்க. இங்க எங்க அம்மணி தொழில் நடத்துது.”