முனியாண்டி என்றொருவர்

பகல் வேலை முடிந்து லொக்கரைத் திறந்தபோது போனில் பதினொரு தவறிய அழைப்புகள் இருந்தன. எல்லாம் அம்மா. சட்டையைக்கூட மாற்றாமல் படியிறங்கிக்கொண்டே திருப்பி அழைத்தான். ஹோட்டலின் வெளிவாசலிலேயே அம்மாவின் போன் மணிச்சத்தம் கேட்டது.

காவலாளி கொடுத்த பிளாஸ்டிக் கதிரையில், மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி அம்மா பாக்கியலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக்காரர் சுற்றிப் பார்க்க வரும் எல்ல நகரத்துக்கு அவள் பஸ் ஏறி வருவது இதுதான் முதல் தடவை. வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

"ஏம்மா உள்ள வரல?"

"கேட்டேன். முனியாண்டின்னு ஒரு ஆளே இங்க இல்லன்னுட்டாரு. லிஸ்ட்டக்கூட ரெண்டு தரம் பாத்தாரு, பாவம்." கோபமில்லாமல்தான் சொன்னாள். "அப்பா காலையில தேயில மலையில வழுக்கி விழுந்துட்டாரு. தொட எலும்பு. பதுளை ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க. நாளைக்கி ஒப்பரேசன்."

காவலாளி அவன் நெஞ்சிலிருந்த பெயர்ப்பட்டையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பட்டையில் 'அண்டி' (Andy) என்று ஆங்கிலத்தில் இருந்தது; லிஸ்ட்டிலும் அதேதான். வேலைக்குச் சேர்ந்த அன்று, வெள்ளைக்காரர் வாயில் நுழையாது என்று மெனேஜர் பெயரின் வாலை மட்டும் வைத்துக்கொண்டார். அவன் மறுக்கவில்லை. உண்மையில் அவனுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வகுப்பு முழுக்க அஜந்தன்களும் டிலுக்ஷன்களும் இருந்த பள்ளிக்கூடத்தில் அவன் ஒருவன்தான் முனியாண்டி. முனி என்றால் மௌனமாக இருப்பவர், ஆண்டி என்றால் ஒன்றுமே இல்லாதவர் என்று ஆசிரியர் நல்ல மனதோடுதான் விளக்கினார். பேச்சும் இல்லை, காசும் இல்லை என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, வகுப்பே சிரித்தது. அதிலிருந்து, முடிந்த இடத்திலெல்லாம் பெயரைச் சுருக்கியே சொல்லி வந்தான். அதனால் யாருக்கும் நட்டமில்லை என்றே இன்றுவரை நினைத்திருந்தான்.

பதுளை பஸ் தெமோதரையைத் தாண்டியபோது அவன் சொன்னான்.

"பேர சுருக்கிட்டாங்கம்மா."

"சொல்லியிருந்தா அந்தப் பேரையே கேட்டிருப்பேன்ல."

அவன் பட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். அதைப் பார்த்துக்கொண்டே அம்மா சொன்னாள்.

"ஒனக்கு முன்ன ரெண்டு புள்ள தங்கல. மூணாவதயாவது காப்பாத்து, ஒம் பேரயே வைக்கிறேன்னு மேமலை முனியாண்டி சாமிகிட்ட கேட்டேன். பழைய பேரா இருக்கேன்னு ஒங்கப்பாகூட யோசிச்சாரு."

"ஆண்டின்னா ஒண்ணும் இல்லாதவராம்மா."

"யாரு சொன்னா? அவரு மலைக்கே காவக்காரருடா. காவக்காரனுக்கு எதுக்கு சொத்து?"

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் தொடங்கிவிட்டிருந்தது. அப்பா சிவஞானம் ஊசி மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். நல்ல எலும்பு, மூன்று மாதத்தில் நடந்துவிடுவார் என்று டொக்டர் சொன்னாராம். கையெழுத்து வாங்கவேண்டிய தாளோடு வந்த நர்ஸ், அம்மா கொடுத்திருந்த மகன் பெயரைச் சிங்கள உச்சரிப்பில் உரக்கக் கூப்பிட்டாள்.

"முனியாண்டி."

"இந்தா இருக்கேன்" என்று அடுத்த கட்டிலிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்தார்.

நர்ஸ் சிரித்தபடி அவனைக் காட்டினாள். அவன் கையெழுத்திட்டான், முழுப் பெயராக. பெரியவர் கழுத்தை நீட்டி அதைப் பார்த்தார்.

"தம்பி பேருமா? இந்த வயசுலயா?" அவர் முகம் மலர்ந்தது. "நான் பெரகல பக்கம். எங்க தோட்டத்து டிவிசன்ல மட்டும் ஏழு முனியாண்டி. காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல பேரு கூப்பிட்டா ஏழு பேரும் கைய தூக்குவோம், கணக்கப்புள்ளைக்குப் பைத்தியமே புடிச்சிரும். அப்புறம் நெட்ட முனியாண்டி, கோழி முனியாண்டின்னு பட்டம் வச்சாங்க. மொதல்ல ரேடியோ வாங்குனது நான்தான், அதனால ரேடியோ முனியாண்டி. இப்ப நான் மட்டுந்தான் மிச்சம்னு நெனச்சேன். ஒங்களுக்கு என்ன பட்டம்?"

அவன் குனிந்து தன் ஹோட்டல் சட்டையைப் பார்த்தான்.

"ஹோட்டல் முனியாண்டிங்க."

பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எதிர்க் கட்டில்காரரிடமும் அதைச் சொன்னார். அந்தச் சிரிப்புக்கு நடுவே அவன் போனை எடுத்து மெனேஜருக்கு எழுதினான்: 'சேர், என் முழுப் பெயரில் ஒரு பெயர்ப்பட்டை வேண்டும்.' அனுப்பியும்விட்டான். பதில் வரவில்லை.

அம்மா பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தாள். மூடியில் சாயத்தண்ணித் தேநீரை ஊற்றி, ஆவி முகத்தில் அடிக்க, நிமிராமலே நீட்டினாள்.

"முனியாண்டி, இந்தா."

இரண்டு பக்கமிருந்தும் கைகள் நீண்டன.