பதினேழாம் நம்பர் பாட்டு

நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டவணை போடுவது என் வேலை. பெயரில்லாத எதைப் பார்த்தாலும் எனக்குக் கை அரிக்கும். வீட்டில் மிளகு டப்பாவில் 'மிளகு' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அது கண்ணாடி டப்பா.

அக்கா என்னிடம் கேட்டது சின்ன உதவி. அறுபது தாண்டிய பெண்களுக்கு அவள் நடன வகுப்பு நடத்துகிறாள். இருந்த வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்த வகுப்பு. வகுப்பு நடக்கும் ஹாலின் கமிட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி பிடித்தால்தான் அடுத்த வருடமும் அந்த இடம் கிடைக்கும். இல்லையென்றால் வகுப்பை மூட வேண்டியதுதான்.

"என் லேப்டாப்புல இருக்கிற பாட்டையெல்லாம் ஒரு பென் டிரைவ்ல காப்பி பண்ணிக் கொடுடா," என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

திறந்து பார்த்தேன். எல்லாம் வெறும் வாத்திய இசை. 'டிராக் 1', 'டிராக் 2' என்று அறுநூறு வரை போயிற்று. கலைஞர் என்ற இடத்தில் 'தெரியாதவர்'. என் கூடப் பிறந்தவளா இப்படி வாழ்ந்தாள் என்று மனசே ஆறவில்லை.

பாட்டின் முதல் சில வினாடிகளைக் கேட்டுப் பெயர் சொல்லும் மென்பொருள் ஒன்று என்னிடம் உண்டு. மூன்று நாள் லீவு போட்டேன். அது சொல்லச் சொல்ல, பாட்டின் பெயர், வாத்தியம், இசையமைத்தவர், வாசித்தவர், வருடம் என்று தட்டிக்கொண்டே போனேன். நம்பர்களை வேரோடு பிடுங்கினேன். பழைய பெயர்களில் ஒரு நகல்கூட வைக்கவில்லை. குப்பையை யாராவது நகல் எடுத்து வைப்பார்களா? எல்லாவற்றையும் அகரவரிசையில் அடுக்கி, ஞாயிறு காலையில் ஹால் வாசலில் கொடுத்தேன். அவசரத்தில் அக்கா திறந்துகூடப் பார்க்கவில்லை. பாராட்டு எங்கே போகிறது, பிறகு வரும் என்று முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

திரை விலகியது. பன்னிரண்டு பெண்கள் ஒரு கையைத் தூக்கியபடி நின்றார்கள். அக்கா மேடை ஓரத்திலிருந்து சவுண்டுக்காரரிடம், "பதினேழு போடுங்க," என்றாள்.

"மேடம், இதுல நம்பரே இல்லையே."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சின்ன வயதில் அவளுடைய பேனா நிப்பை நான் 'சரி செய்த' அன்று பார்த்த அதே பார்வை. எழுந்து சவுண்டுக்காரரிடம் ஓடினேன்.

"சார், எந்தப் பாட்டு?" என்றார் சவுண்டுக்காரர்.

"வயலின். நிச்சயமா வயலின்தான்."

"வயலினே நூத்திப்பத்து இருக்கு சார். எப்படிப் போகும்னு கொஞ்சம் பாடிக் காட்டுங்க, பிடிச்சிடறேன்."

அறுநூறு பாட்டுக்குப் பெயர் வைத்தவனுக்கு ஒன்றுகூட எப்படிப் போகும் என்று தெரியவில்லை. கேட்டது மென்பொருள், நான் இல்லை.

கமிட்டித் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். தூக்கிய கைகள் நடுங்க ஆரம்பித்தன. அப்போது நடுவில் நின்றிருந்த ரிட்டையர்டு டீச்சரம்மா, போன வருடம்தான் முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டவர், வாயாலேயே மெட்டை இழுக்க ஆரம்பித்தார். பக்கத்திலிருந்தவர் சேர்ந்துகொண்டார். பிறகு பன்னிரண்டு பேரும் பாடிக்கொண்டே ஆடினார்கள், மூச்சு வாங்க, ஓர் அடி பிசகாமல். அக்கா கையால் தாளம் போட்டாள். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. அந்த மென்பொருளைத் திறந்து செல்போனை மேடைப் பக்கம் நீட்டினேன். 'பாடலை அடையாளம் காண முடியவில்லை' என்று வந்தது. சவுண்டுக்காரர் அதை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

ஹால் கிடைத்துவிட்டது. பாட்டுப் போடாமல் ஆடியது அக்காவின் புது யோசனை என்று தலைவர் நினைத்துக்கொண்டு கைகொடுத்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

அக்கா திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. லேப்டாப்பை என் கையில் வைத்தாள்.

"ஒவ்வொண்ணையும் முழுசா கேளு. கேட்டுட்டு எனக்குப் போன் பண்ணிப் பாடிக் காட்டு. நான் நம்பர் சொல்றேன்."

"அறுநூறையுமா?"

"உனக்குத்தான் லீவு கிடைக்குமே."

முதல் பாட்டை நான் பாடி முடித்ததும், "டேய், மிக்சியை நிறுத்திட்டுப் பாடு," என்றாள். மிக்சி ஓடவில்லை. ஒரு மாதமாக இப்படித்தான் நடக்கிறது. நேற்று ஒரு பாட்டைப் போட்டதும் என் கை தானாக மேலே போயிற்று. பன்னிரண்டு பேரும் மூச்சு வாங்கப் பாடியது அப்படியே காதில் விழுந்தது, கண் கலங்கிவிட்டது. அக்காவிடம் கேட்காமலே பதினேழு என்று எழுதினேன்.

வயலின் என்று அடித்துச் சொன்னேனே, அது புல்லாங்குழல்.