பால்ராஜின் இடது கை

பசியாவரத்திலிருந்து ஏரியைக் கடந்து பழவேற்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் படகு அந்த மாதம் முழுவதும் இடப்பக்கமாகச் சாய்ந்துதான் போனது. எஞ்சினில் கோளாறு இல்லை, காற்றிலும் தப்பில்லை. படகோட்டி பால்ராஜின் இடது கையைப் பார்ப்பதற்காகப் பெண்கள் எல்லோரும் அந்தப் பக்கமாகவே போய் உட்கார்ந்ததுதான் காரணம். கடைசியில் வலப்பக்கம் ஓர் ஐஸ் பெட்டியை வைத்துச் சமன் செய்ய வேண்டியதாயிற்று.

அந்தக் கையைப் பளபளக்க வைத்தவள் குப்பம்மா. அதைப் பார்த்து வயிறு எரிந்தவர் குப்பம்மாவின் புருஷன் சுப்பராயலு.

குப்பம்மா மகளிர் குழுவில் உடம்பு தேய்க்கும் ஸ்க்ரப் செய்யக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். பச்சைப்பயறை வறுத்து ரவை பதத்துக்கு உடைத்து, காய்ந்த எலுமிச்சைத் தோலைப் பொடித்துப் போட்டு, டிகாக்‌ஷன் இறக்கிய பின் மிஞ்சும் காபித்தூளை உலர்த்திச் சேர்த்து, நாட்டுச்சர்க்கரையும் தேங்காய் எண்ணெயும் விட்டுப் பிசைவாள். முதலில் தன் கையில்தான் தேய்த்துப் பார்த்தாள். இத்தனை காலம் மீன் ஆய்ந்த கவிச்சை சுத்தமாகப் போய்விட்டது. எவ்வளவு சுத்தமாக என்றால், அவள் வளர்த்த பூனையே யாரோ அந்நியப் பொம்பளை வீட்டுக்குள் புகுந்துவிட்டாள் என்று கூரைமேல் ஏறிச் சீறியது.

அடுத்து, உப்புத்தண்ணீரிலும் வெயிலிலும் காய்ந்துபோன ஆம்பளைத் தோலில் பரீட்சை பார்க்க வேண்டியிருந்தது. நியாயமாக முதலில் புருஷனைத்தான் கேட்டாள். சுப்பராயலு டீக்கடையில் நாலு பேர் மத்தியில் உட்கார்ந்திருந்தார்.

"தேய்ச்சிக் குளிப்பாட்ட நான் இன்னா கல்யாணப் பொண்ணா? போமே அப்பால!" என்றார். டீக்கடை சிரித்தது. அவருக்கும் அன்று சிரிப்பாகத்தான் இருந்தது.

அவள் பால்ராஜிடம் போனாள். அவன் அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன். வித்தியாசம் தெரியட்டும் என்று இடது கைக்கு மட்டும் தேய்த்துவிட்டாள். மறுநாளிலிருந்து படகில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் அவன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்ட ஆரம்பித்தான்.

"இது ஆண்டவரு குடுத்த கை. இது குப்பம்மா அக்கா குடுத்த கை. நீங்களே பாத்துக்குங்க."

இது சுப்பராயலுவின் காதில் விழுந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஏரியில் வலை கட்டுவதற்கு ஊரார் சீட்டுக் குலுக்கி ஆளாளுக்கு முறை வைத்திருக்கிறார்கள். சுப்பராயலுவின் முறை வர இன்னும் நாள் கிடந்தது. அதனால் பொறாமைப்பட நேரம் தாராளமாக இருந்தது. வேறு வேலை எதையும் இடையில் விடாமல் காலையிலிருந்து சாயங்காலம் வரை அதையே பார்த்தார்.

"இன்னாமே, தெனம் அவன் கையையே புட்ச்சிக்கினு தேய்க்கிற?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

"தெனம் எங்க தேய்ச்சேன்? வாரத்துக்கு ரெண்டு வாட்டிதான். தெனம் தேய்ச்சா எரியும்."

"எரியட்டும்."

"உனக்கு இன்னாய்யா எரியுது?"

"எனக்கு இன்னா எரியப்போவுது? ஒண்ணும் எரியல."

குப்பம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "வா, குந்து. உனக்கும் தேய்ச்சிவுடறேன்."

உட்கார்ந்திருப்பார். பாதி குனிந்தும்விட்டார். அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுப் பச்சையம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"இன்னா மாமா, பொண்ணுக்கு நலங்கா? மாப்ள எந்த ஊரு?"

குனிந்தவர் அப்படியே தரையில் இல்லாத எதையோ பொறுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நேராகக் கரைக்குப் போனார். கவிழ்த்துப் போட்டிருந்த தன் மரப்படகின் மறைவில் உட்கார்ந்து யோசித்தார். ஒரு கைக்கே அவன் இந்த ஆட்டம் ஆடினால், தான் உடம்பு முழுக்கப் பளபளத்து நின்றால் அவன் கதி என்ன? தேய்ப்பு வேலை அவருக்குத் தெரியாததா? படகின் அடியில் கொட்டலசு ஓடு ஓடாக ஒட்டிக்கொண்டால் சுரண்டி எடுத்து, இடித்த கிளிஞ்சலைத் தேங்காய் நாரில் தொட்டு அழுத்தித் தேய்த்து, மத்தி மீன் எண்ணெயை இரண்டு பூச்சு பூசி வெயிலில் விடுவார். படகு கண்ணாடியாக மின்னும். மரத்துக்கே அப்படி என்றால் மனுஷத் தோலுக்குக் கேட்க வேண்டுமா?

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கிளிஞ்சலை இடித்தார். நாரை நனைத்தார். கழுத்திலிருந்து கணுக்கால் வரை, படகுக்கு என்ன முறையோ அந்த முறை தப்பாமல் தேய்த்தார். வெந்த நண்டு நிறத்துக்கு வந்தபின் மத்தி எண்ணெய் இரண்டு பூச்சு. காயும்வரை கையை அகல விரித்து வெயிலில் நின்றார்.

பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பால்ராஜின் படகில் ஏறி, பெண்களுக்கு நடுவே இடப்பக்கம் உட்கார்ந்தார்.

உட்கார முடிந்தால்தானே? படகு இந்தப் பக்கம் ஆடினால் பலகையின் இந்த முனைக்கும், அந்தப் பக்கம் ஆடினால் அந்த முனைக்கும் வழுக்கிக்கொண்டு போய் வந்தார். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். அதற்குள் வாசம் ஏரியைச் சுற்றிவிட்டது. கூழைக்கடாக்கள் கூட்டமாக வந்து இறங்கின. அவற்றில் ஒன்று, ஊருக்குப் போகிற ஆள் மாதிரி அவர் பக்கத்திலேயே அமர்ந்து அவர் முழங்கையை அலகுக்குள் வைத்து அளவு பார்த்தது. அதைத் தள்ளப் போனவர் படகை விட்டே வழுக்கி ஏரியில் விழுந்தார்.

ஏரி அவரை ஏற்கவில்லை. அவ்வளவு எண்ணெய். நீச்சலடிக்காமலே தண்ணீர் மேல் மல்லாந்து மிதந்தார்.

"மாமா, கையப் புடி!" என்று பால்ராஜ் இடது கையை நீட்டினான்.

"அந்தக் கைய நீட்டாதடா!"

வலது கையை நீட்டினான். அது வழுக்கியது. கடைசியில் வலையை வீசித்தான் இழுக்க வேண்டியிருந்தது. படகைத் திருப்பிக்கொண்டு பசியாவரம் துறைக்கு வந்தபோது குப்பம்மா ஸ்க்ரப் டப்பாவோடு நின்றிருந்தாள். வாசம் முன்னாலேயே வந்து சேதி சொல்லியிருந்தது.

"இன்னாய்யா பண்ணிக்கின?"

"ஒண்ணும் பண்ணல. நானும் தேய்ச்சேன்."

"எதால?"

சொன்னார். குப்பம்மா சிரிக்கவில்லை. படிக்கட்டில் அவரை உட்கார வைத்து முதுகைத் தொட்டுப் பார்த்தாள்.

"தோலு செவந்து கெடக்கு. இதுல சக்கரையும் ரவையும் பட்டா உசுரு போயிடும். வெறும் பயத்தமாவு போடறேன். ஆடாத."

நைசாகச் சலித்த மாவை வீட்டிலிருந்து எடுத்து வந்து மோரில் குழைத்து வட்டம் வட்டமாகத் தடவினாள். எரிந்தது. ஆனால் அவள் கை அவர் முதுகில் இருந்தது. சுப்பராயலு கண்ணை மூடினார். மூடியதும் ஒன்று தோன்றியது. இவ்வளவு பதமாகத் தேய்க்க இவள் எந்தக் கையில் பழகினாள்?

கண்ணைத் திறந்தால், பால்ராஜ் எதிரில் குந்தியிருந்தான். "அக்கா, மாமாவ இழுத்ததுல என் வலது கை பூரா மத்தி நாத்தம். அதுக்கும் கொஞ்சம் போட்டுவுடேன்."

குப்பம்மா ஸ்க்ரப் டப்பாவை எட்டினாள். சுப்பராயலு அவளை முந்திக்கொண்டு அதைப் பிடுங்கினார்.

"நீ குந்துமே. உனக்குக் கை வலிக்கும். டேய், கையக் குட்ரா இங்க!"

பால்ராஜின் வலது கையைத் தன் மடிமேல் இழுத்துப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். துறையில் நின்றவர்கள் நெருங்கி வந்து பார்த்தார்கள். வேலிக்கு மேலே இல்லாமல் நேரிலேயே வந்திருந்த பச்சையம்மாவும் கழுத்தை நீட்டினாள்.

"அழுத்தாத. வட்டமா," என்றாள் குப்பம்மா.

வட்டமாகத் தேய்த்தார். அவள் குனிந்து பார்த்தாள்.

"பரவால்லியே, உனக்குக் கை நல்லா வருதே."

சுப்பராயலு பால்ராஜின் காலையும் நீட்டச் சொன்னார்.