கொப்பரிட்டைச் சொல்லு

"கொப்பரிட்டைக் கேள், நீலச் சேட்டோ வெள்ளைச் சேட்டோ எண்டு."

அலுமாரிக்குள் தலையை விட்டபடியே யசிந்தா சொன்னாள். துவாய் மடித்துக்கொண்டிருந்த றொசாந்தி வழக்கம்போல எழும்பி அறை வாசல்வரை போய்விட்டாள். அதற்குப் பிறகுதான், அப்பா விறாந்தைக் கதிரையில் இல்லை, ஆஸ்பத்திரிப் பிணவறையில் உடுப்புக்காகக் காத்திருக்கிறார் என்பது உறைத்தது. திரும்பினாள். அம்மா கைக்கொரு சேட்டாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெள்ளை," என்றாள் றொசாந்தி.

"நீயாச் சொல்லுறியோ?"

"ஓம்."

"நீ சொன்னால் சரிதான்."

செபநாயகம் நேற்றுக் காலை கண்ணை மூடினார். குருநகரில் அவரைத் தெரியாதவர் குறைவு. மீன் பிடித்துக் கடலால் வந்தால் தனியாக வீட்டுக்கு வரத் தெரியாத மனிதர் அவர். பின்னால் இரண்டு பேராவது சாப்பிட வருவார்கள். யசிந்தாவோ பொழுதுபட்டால் கதவைப் பூட்டுகிறவள், அரிசியை அளந்து போடுகிறவள். இந்த இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்தது யாருடைய யோசனையோ, அந்தப் புண்ணியவான் கலியாணச் சாப்பாட்டோடு மறைந்துவிட்டான்.

சின்ன வயதில் றொசாந்தி கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று, வீட்டு விருந்துக்குச் செபநாயகம் வள்ளத்து ஆட்கள் எல்லாரையும் கூட்டி வந்தார். யசிந்தாவின் தாய் வீட்டார் வந்து சேர்ந்தபோது கூழ்ப்பானையின் அடி தெரிந்தது. "இந்த மனிசனோடை இனி நான் கதைச்சால் பார்," என்றாள் அவள், எல்லாருக்கும் முன்னால். "கதையாட்டில் விடு," என்றார் அவர். இரண்டு பேரும் சொன்ன சொல் தவறவில்லை.

குசினிக்கும் விறாந்தைக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி. அன்றிலிருந்து அந்தத் தட்டியைச் சுற்றி ஓடுவது றொசாந்தியின் வேலையானது. "இந்தக் குழம்பை நாயும் நக்காதெண்டு கொம்மாட்டைச் சொல்லு," என்பார் அப்பா. இவள் குசினிக்குள் போய், "அம்மா, அப்பாவுக்கு இண்டைக்குப் பசி குறைவாம்," என்பாள். "உந்த மனிசன்ரை நாத்தச் சாரத்தை என்ரை உடுப்போடை போட வேண்டாமெண்டு கொப்பரிட்டைச் சொல்லு," என்பாள் அம்மா. "அப்பா, உங்கடை சாரத்தை அம்மா தனிய நல்லாத் தோச்சுத் தருவாவாம்," என்று அங்கே போய்ச் சேரும்.

அவள் கலியாணம் கட்டி மருதனார்மடத்துக்குப் போன பிறகும் அந்த வேலை அவளை விடவில்லை. அம்மா போன் எடுத்து, "சீனி வருத்தக்காரன் வாழைப்பழம் தின்னுறார், சொல்லு," என்பாள். வைத்துவிட்டு அப்பாவுக்கு எடுத்தால், அவருடைய போனுக்குள்ளால் அம்மா சட்டி கழுவும் சத்தம் கேட்கும். சில நாள்களில் றொசாந்திக்கு விசர் பிடித்ததுபோல் இருக்கும். உங்களுக்கு இடையில் ஓடியே என் சின்ன வயது போய்விட்டதே என்று கத்த வேண்டும்போல் இருக்கும். ஆனால் வாழைப்பழத்துக்குப் பதிலாக, "அப்பா, அம்மா உங்களை நினைச்சுக் கவலைப்படுறா," என்றுதான் சொல்லுவாள்.

நேற்று விடியப்புறம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அப்பா அவளுடைய கையைப் பிடித்தார். "கொம்மாட்டைச் சொல்லு. இவளோடை சீவிச்சு நான் களைச்சுப் போனன் எண்டு." மூச்சு வாங்கியது. பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. "நீ சொல்லுற மாதிரிச் சொல்லு." அதற்குமேல் அவர் பேசவில்லை.

அந்தச் சொல்லை றொசாந்தி இன்னும் இறக்கி வைக்கவில்லை. உள்ளபடி சொன்னால் அம்மா மிச்சக் காலம் முழுக்க அதைச் சுமப்பாள். மாற்றிச் சொன்னால், அப்பாவின் கடைசி வார்த்தையையே பொய்யாக்கினதாகிவிடும்.

மத்தியானம் பெட்டி வந்தது. வெள்ளைச் சேட்டில் அப்பா கோயில் திருநாளுக்குப் புறப்பட்டவர் மாதிரி இருந்தார். அவருடைய தமக்கை மக்டலீன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்தை கதையாமல் வச்சிருந்தாளே என்ரை தம்பியை," என்று அழுதாள். சனம் யசிந்தாவைத் திரும்பிப் பார்த்தது. அவள் எழும்பிக் குசினிக்குள் போனாள். றொசாந்தியும் பின்னால் போனாள்.

தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று யசிந்தா கேட்டாள். "கொப்பர் என்ன சொல்லிவிட்டவர்? ஒண்டும் சொல்லாமல் போற மனிசனில்லை அது."

"உங்களைக் கவனமா இருக்கட்டாம்."

"அது நீ சொல்லுறது. அவர் சொன்னதைச் சொல்லு."

றொசாந்தி தட்டியைப் பார்த்தபடி சொன்னாள். "இவளோடை சீவிச்சு நான் களைச்சுப் போனன் எண்டவர்."

யசிந்தா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் றொசாந்தி நினைத்தாள். இல்லை, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உதுதான் அவர்! நீ சின்னனிலையிருந்து தேன் தடவித்தான் சொல்லுறனி. எங்களுக்குத் தெரியாதெண்டோ நினைச்சாய்? உந்தத் தட்டிக்குள்ளாலை இருமினாலும் கேக்கும் பிள்ளை."

"கேட்டுக்கொண்டோ இருந்தனீங்கள்? பிறகேன் சண்டை வரேல்லை?"

"நீ வந்து சொல்லுறதைத்தான் எடுக்கிறது. அவரும் அப்பிடித்தான். ஒருநாளும் பேசி வைக்கேல்லை, ஆனா அப்பிடித்தான் நடந்தது. நீ பசியில்லை எண்டுவாய், நான் அடுத்த நாள் புளியைக் குறைச்சுப் போடுவன். நேர கதைச்சிருந்தால் சட்டியெல்லோ பறந்திருக்கும்? நீ இல்லாட்டில் நாங்கள் எப்பவோ ஆளுக்கொரு பக்கம் போயிருப்பம். உனக்குக் கோடி புண்ணியம்."

றொசாந்திக்கு அழுகை வந்தது. அப்பாவுக்காக நேற்றே அழுதிருந்தாள். இது வேறு அழுகை. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேர் அவளுடைய பேச்சை நம்புவது என்ற ஒன்றில் மட்டும் ஒத்துப்போயிருக்கிறார்கள். ஓடின ஓட்டமெல்லாம் வீணில்லை. அந்த இரண்டு பேருக்கும் பிள்ளையாகப் பிறந்தது நல்லதாகப் போயிற்று என்று முதன்முறையாகத் தோன்றியது.

"பிறகு இன்னொண்டும் சொன்னவர், அம்மா. 'நீ சொல்லுற மாதிரிச் சொல்லு' எண்டு."

யசிந்தாவின் சிரிப்பு நின்றது.

விறாந்தையில் கோயில் மூப்பர், "கடைசியாக் கொஞ்சுறவை வாங்கோ, பெட்டியை மூடப் போறம்," என்று கூப்பிட்டார்.

"நானும் களைச்சுப் போனன் எண்டு கொப்பரிட்டைச் சொல்லு," என்றாள் யசிந்தா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"இதை நீங்களே போய்ச் சொல்லுங்கோ, அம்மா."

யசிந்தா அவளைப் பார்த்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு தட்டியைச் சுற்றி நடந்தாள். சனம் வழி விட்டது. பெட்டியருகில் குனிந்தவள் மற்றவர்களைப்போல் நெற்றியில் முத்தமிட்டுக் கொஞ்சவில்லை. காதோரம் வாயை வைத்தாள். மக்டலீனின் அழுகை பாதியில் நின்றது. அந்த நேரம் பார்த்து வெளியே பாண்ட் வாத்தியம் தொடங்கியது.

யசிந்தாவின் உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. பழக்கத்தில் கிட்டப் போன றொசாந்தி நடுவழியில் நின்றாள். திரும்பி வந்து தட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

மூடியைத் தூக்கிப் பிடித்திருந்தவர்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு அதைச் சுவரோடு சாத்தி வைத்துவிட்டுக் காத்து நின்றார்கள்.